நாயின் மொழி அறிவோம்

சுபுஹுத் தொழுகைக்கான பாங்கோசை ஓய்ந்ததும் நம் தெருக்களில் முதலில் இறங்குபவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். கைத்தடியை ஊன்றியபடி பள்ளிவாசலுக்குச் செல்லும் முதியவர் ஒருவர். சற்று நேரத்திற்கெல்லாம், ஓதும் கிதாபுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதரஸாவுக்குப் புறப்படும் சிறுவர் சிறுமியர். அந்த வேளையில் தெருவில் விழித்திருக்கும் இன்னோர் இனம் நாய். பகலெல்லாம் வாகனத்தின் அடியிலும் திண்ணையோரத்திலும் சுருண்டு கிடந்த நாய்கள், ஆளரவம் அடங்கியபின் தெருவைத் தம்முடையதாக்கிக் கொள்கின்றன. விடியும் நேரத்தில்தான் அந்த உரிமை மீண்டும் மனிதர் கைக்கு வருகிறது. கைமாறும் அந்த அரைமணி நேரத்தில் நம் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

நாய் வளர்க்கும் வீட்டில் பிறந்த குழந்தை, நாய் எப்போது விளையாடுகிறது, எப்போது சினம் கொள்கிறது என்பதை யாரும் சொல்லாமலேயே கற்றுக்கொள்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் நாய் இல்லை. ஆகவே அந்தப் பாடமும் இல்லை. அதற்குப் பதிலாக நாம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: "நாய் வருது, பட்டா நஜிஸ், ஓடி வா!" பிள்ளையும் ஓடுகிறது. ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். முயலையும் மானையும் விரட்டிப் பிடித்து உண்ட ஓநாய் மரபிலிருந்து வந்த விலங்கு அது. அது வரை அசையாமல் படுத்திருந்த நாய் கூட, கண்ணெதிரே சின்னஞ்சிறு உருவம் ஒன்று அலறிக்கொண்டு ஓடுவதைக் கண்டதும் எழுந்து பாய்கிறது. உம்மா காப்பாற்றுவதற்காகச் சொன்ன சொல்லே பிள்ளையைக் கடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இது சிறிய விஷயம் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மனிதர்களுக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்களின் மூலமே வருகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் அதனால் மாண்டு போகிறார்கள் என்பது அந்நிறுவனம் எடுத்தாளும் மதிப்பீடு. நோயுள்ளதாக ஐயுறப்படும் நாயிடம் கடிபடுபவர்களில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

நாயை விட்டு விலகியிருப்பது நம் மார்க்க ஒழுக்கத்தோடு சேர்ந்தது. அதில் மாற்றம் வேண்டும் என்று இங்கே சொல்ல வரவில்லை. ஆனால் விலகுவது வேறு, வெறுத்து விரட்டுவது வேறு. குகைத் தோழர்களுடன் வாயிலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயைத் திருமறை அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் குறிப்பிடுகின்றது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்ற அனுமதி அல்மாயிதாவில் உள்ளது. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் கொணர்ந்து புகட்டியவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தியை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தது ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. கல்லெடுத்து எறிவதைப் பிள்ளைகளின் விளையாட்டாக விட்டுவைப்பதற்கு இவற்றில் எங்கும் இடமில்லை. கல்லெறி வாங்கிய நாய், சிறுவர்கள் கூட்டமாக வந்தாலே பகை என்று கற்றுக்கொள்கிறது. எறிந்தவன் ஒருவன், மறுநாள் கடிபடுபவன் வேறொருவன்.

உடலே அதன் பேச்சு

நாய் குரைப்பதை மட்டுமே நாம் அதன் பேச்சு என்று கருதுகிறோம். உண்மையில் அது பேசுவதில் பெரும்பங்கு ஓசையில்லாமலே நடக்கிறது. வால், காது, கண், வாய், முதுகுமயிர், உடலின் எடை முன்னே சாய்கிறதா பின்னே சாய்கிறதா என்பது — இவையெல்லாம் அதன் எழுத்துகள். ஒன்றை மட்டும் பார்த்தால் பொருள் தவறிவிடும்.

வாலை எடுத்துக்கொள்ளுங்கள். "வாலாட்டுகிறது, ஒன்றும் செய்யாது" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த நம்பிக்கை பலரைக் கடிபட வைத்திருக்கிறது. வாலாட்டம் என்பது உள்ளம் கிளர்ந்திருப்பதன் அடையாளம் மட்டுமே; அந்தக் கிளர்ச்சி அன்பாகவும் இருக்கலாம், ஆத்திரமாகவும் இருக்கலாம். இடுப்பும் சேர்ந்து குலுங்க, உடல் தளர்ந்து, வால் அகலமாக வீசினால் அது நட்பு. வால் கொடிக்கம்பம் போல் நிமிர்ந்து, நுனி மட்டும் விறைப்பாகத் துடித்தால் அது எச்சரிக்கை. 2007-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 30 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்து, எசமானரைக் கண்டபோது வால் வலப்பக்கமாகக் கூடுதலாக வீசியது என்றும், முரட்டுத்தனமான அயல் நாயைக் கண்டபோது இடப்பக்கமாகக் கூடுதலாக வீசியது என்றும் வெளியிட்டார்கள். தெருவில் நின்று இடமா வலமா என்று அளந்துகொண்டிருக்க நமக்கு இயலாதுதான். வாலாட்டம் ஒரே பொருள் தருவதன்று என்பதை மட்டும் இதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

அச்சமுற்ற நாயை அடையாளம் காண்பது இன்னும் முக்கியம். ஏனெனில் சினத்தால் கடிக்கும் நாயைவிட அச்சத்தால் கடிக்கும் நாய்களே அதிகம். தூக்கமில்லாத வேளையில் கொட்டாவி விடும். உணவில்லாத போது உதட்டை நாவால் நக்கிக்கொள்ளும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். காதுகளைப் பின்னுக்கு மடித்து வாலை அடிவயிற்றில் செருகும். இவையனைத்தும் "என்னை விட்டுவிடு" என்ற ஒரே வேண்டுகோள்தான். நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் தூரித் ருகாஸ் என்னும் பெண்மணி, இத்தகைய சாந்தக் குறிகளைத் தொகுத்து எழுதிய சிறு நூல் இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது.

அந்த வேண்டுகோளை நாம் கேட்காவிட்டால் நாய் உறுமும். உறுமலுக்கும் அசையாவிட்டால் பல்லைக் காட்டும். கடைசியில், நாய் சிலை போல் உறைந்து நிற்கும். ஓசை நின்றுவிட்டதே, அடங்கிவிட்டது என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். அடங்கவில்லை. அடுத்த நொடி பாய்ச்சல்.

தெருவில் எதிர்ப்படும்போது

பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது எளிது. நாய் நெருங்கி வந்தால் ஓடாதே, அலறாதே. மரம் போல் நில். கைகளை மார்போடு கட்டிக்கொள். நாயின் கண்ணை நேருக்கு நேர் பார்க்காதே. உன் கால் விரல்களைப் பார். நாய் மோந்து பார்த்தாலும் பார்க்கட்டும். சுவை இல்லாத மரம் என்று அது போய்விடும். போனபின் மெல்ல, முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் விலகு. கையில் பையிருந்தால் அதை உனக்கும் நாய்க்கும் இடையே பிடி. தள்ளப்பட்டு விழுந்துவிட்டால் பந்து போல் சுருண்டு, முகத்தைத் தரைப்பக்கம் வைத்து, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்.

இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஆபத்து வேளையில் பிள்ளைக்கு அறிவுரை நினைவுக்கு வராது, பழக்கம்தான் வரும். வீட்டு முற்றத்தில் விளையாட்டாக நாலு நாள் பழக்குங்கள்: ஒருவர் நாயாக வரட்டும், மற்றவர்கள் மரமாக நிற்கட்டும். ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத்மார்கள் மதரஸாவிலேயே பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் ஊருக்கே நன்மை.

இருசக்கர வாகனத்தில் செல்வோர் நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டுவது இயல்பு. அதுவே துரத்தலை நீட்டிக்கிறது. காலில் கடிபடுவதைவிட, நிலைதடுமாறி விழுந்து மண்டையில் அடிபடும் ஆபத்து பெரியது. வேகத்தைக் குறைத்து, இயன்றால் நிறுத்திவிட்டால், ஓடும் பொருள் நின்றுவிட்டதால் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் போய்விடும்.

குட்டி ஈன்ற தாய் நாய், உண்டுகொண்டிருக்கும் நாய், உறங்கும் நாய், இணைசேரும் காலத்தில் கூட்டமாகத் திரியும் நாய்கள் — இவற்றின் அருகே போகவே கூடாது. நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். மழைக்காலத்தை ஒட்டி இணைசேர்ந்தவை பனிக்காலத்தில் குட்டி போட்டுவிட்டு, அந்தச் சந்தையே தம்முடையது என்று நிற்கும். சந்து முனையில் குட்டி இருப்பது தெரிந்தால், சில வாரங்களுக்குப் பிள்ளைகளின் வழியை மாற்றிவிடுங்கள்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றையும் இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வலீமா விருந்து முடிந்த இரவில் எலும்பும் எச்சில் சோறும் எங்கே கொட்டப்படுகின்றன? பக்ரீது நாளில் குர்பானிப் பிராணிகளின் குடலும் கழிவும் எங்கே போகின்றன? தெருமுனைக் குப்பை மேட்டில் என்றால், அங்கே ஒரு நாய்க்கூட்டத்தை நாமே குடியமர்த்துகிறோம். உணவு கிடைக்கும் இடத்தை நாய் காவல் காக்கும். அயல் நாய்களுடன் சண்டையிடும். அந்த வழியே வருபவரையும் பகைவராகப் பார்க்கும். விருந்து ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது, கூட்டம் மாதக்கணக்கில் நிற்கிறது. கழிவை ஆழக் குழிதோண்டிப் புதைப்பது, அல்லது உள்ளாட்சி ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லி வண்டியில் அனுப்புவது, ஜமாஅத் நிர்வாகம் நினைத்தால் ஒரே கூட்டத்தில் முடிவு செய்யக்கூடிய காரியம். இறைச்சிக் கடைக்குச் சிறு பிள்ளையைத் தனியே அனுப்பி, கறிப்பையைத் தொங்கவிட்டபடி நடக்க விடுவதையும் நிறுத்தலாம்.

தெரு நாய்கள் நாம் நினைப்பதைவிட நம்மை உன்னிப்பாகக் கவனிப்பவை. கொல்கத்தா வட்டாரத்திலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா அவர்களின் குழுவினர், யாரும் பயிற்றுவிக்காத தெரு நாய்களும் மனிதர் கைநீட்டிக் காட்டும் திசையைப் புரிந்துகொண்டு செல்கின்றன என்பதை 2020-இல் வெளியிட்டார்கள். கல்லெடுக்கக் குனிகிறவரையும் அமைதியாகக் கடந்து செல்கிறவரையும் அவை வேறுபடுத்தி அறிவதில் வியப்பென்ன?

காவலுக்கு வளர்ப்போருக்கு

தென்னந்தோப்பு, ஆட்டுப்பட்டி, ஊருக்கு வெளியே தனிவீடு என்று காவலின் பொருட்டு நாய் வைத்திருக்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. வேட்டைக்கும், மந்தைக்கும், வேளாண்மைக்கும் நாய் வைத்துக்கொள்ள ஹதீஸில் அனுமதி இருப்பது தெரிந்ததே. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நம் தமிழகத்துக்கே உரிய இனங்கள் இருக்க, குளிர்நாட்டு நாயைப் பெரும்பணம் கொடுத்து வாங்கி வெயிலில் கட்டிவைப்பது ஏன் என்பது எனக்கு விளங்காத புதிர்.

இவர்களிடமிருந்து வரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: இரவெல்லாம் ஓயாமல் குரைக்கிறது, இப்போது வீட்டாரையே கடிக்க வருகிறது. விசாரித்தால், நாய் காலை முதல் இரவு வரை இரண்டு முழச் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும். கட்டப்பட்ட நாய்க்கு ஓடித் தப்பும் வழி இல்லை. அச்சம் வந்தால் அதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆயுதம் பல். கட்டிவைத்தால் வெறி ஏறும், வெறி ஏறினால் நல்ல காவல் என்று எண்ணுவோர் உண்டு. அந்த நாய் திருடனையும் பால்காரரையும் பேரப்பிள்ளையையும் ஒன்றாகவே பார்க்கும். சுற்றுச்சுவருக்குள் இரவில் அவிழ்த்துவிடுங்கள். முடியாவிட்டால், நீண்ட கம்பியில் வளையம் கோத்துச் சங்கிலி அதில் ஓடும்படி செய்யுங்கள். காலையும் மாலையும் அரைமணி நேரமாவது வாரில் பிடித்து நடத்திச் செல்லுங்கள். பாதிக் குரைப்பு இதிலேயே அடங்கிவிடும்.

"அடித்தால்தான் அடங்கும், நாம்தான் தலைவர் என்று காட்ட வேண்டும்" என்ற கருத்தின் வரலாறு சுவையானது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பேசல் நகர விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காக ஓயாமல் போரிடுகின்றன என்று எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூலின் வழியே அக்கருத்து உலகெங்கும் பரவிற்று. பின்னர் அதே மெக், காட்டில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களைப் பல்லாண்டு கவனித்தபின், ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட சாதாரணக் குடும்பமே என்றும், 'தலைவன்' என்ற சொல்லே அங்கே பொருந்தாது என்றும் 1999-இல் திருத்தி எழுதினார். ஆயினும் தடியெடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

உறுமியதற்காக அடிபட்ட நாய் கடிப்பதை நிறுத்துவதில்லை; உறுமுவதை நிறுத்திவிடுகிறது. முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நாய் இப்படித்தான் உருவாகிறது. உறுமினால், எதைக் கண்டு உறுமுகிறது என்று பார்த்து அதை விலக்குங்கள். உணவுத் தட்டருகே உறுமினால், தட்டைப் பறித்துப் பழக்காதீர்கள். தொலைவில் நின்று அதைவிட நல்ல துண்டொன்றை எறிந்துவிட்டுப் போங்கள். ஆள் வருவது பறிப்பதற்காக அன்று, கொடுப்பதற்காக என்பதை அது சில வாரங்களில் கற்கும். நற்செயலுக்கான பரிசும் அந்தக் கணத்திலேயே கிடைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குத் தெரியாது. காலையில் செருப்பைக் கடித்ததற்கு மாலையில் கடை மூடி வந்து அடிப்பதும் அவ்வாறே. அது தலைகுனிந்து நிற்பது குற்ற உணர்வால் அன்று. உங்கள் முகத்தைக் கண்ட அச்சத்தால்.

செருப்பு, துணி, கதவுச் சட்டம் என்று கடித்துக் குதறும் குட்டிக்கு நான்கு முதல் ஏழு மாதத்திற்குள் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிறது. கடிக்க ஏதேனும் கொடுத்துவிட்டால் போதும்.

குட்டி வாங்குவோர் வயதைக் கவனிக்க வேண்டும். ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல், குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலமே அது உலகோடு பழகும் காலம் என்று காட்டியது. அந்த நாட்களில் அது தாடிவைத்த முதியவரையும், புர்கா அணிந்த பெண்ணையும், அழும் குழந்தையையும், வண்டி ஓசையையும் அச்சமின்றிக் கண்டிருந்தால் பிற்காலத்தில் அவற்றைப் பகையாகக் கருதாது. கொட்டிலின் மூலையில் தனித்து வளர்ந்த குட்டி எல்லாவற்றையும் அஞ்சும்.

பட்டாசுக்கு நடுங்கி ஓடும் நாயைப் பலர் கேலி செய்கிறார்கள். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 45,000 வரை கேட்கும். இருட்டான உள்ளறை ஒன்றைத் திறந்துவிடுங்கள், அதட்டாதீர்கள்.

கைபடாமல் நாயை எவ்வாறு பழக்குவது என்று கேட்பீர்கள். தொடாமலே பழக்கலாம்: குரல், கைச்சாடை, எறியும் உணவு, நீண்ட வார் போதும். அதன் வாய்நீர் பட்டால் தூய்மை செய்யும் முறையில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் மண் கலந்த நீரால் ஒரு முறை உட்பட ஏழு முறை கழுவுவர். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

கடிபட்டுவிட்டால்

ஏழு முறை கழுவியாயிற்று, சுத்தமாகிவிட்டது என்று சில வீடுகளில் இருந்துவிடுகிறார்கள். அது தொழுகைக்கான தூய்மை. நோய்க்கான கழுவல் வேறு: ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. ஓதி ஊதுவதும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் ஊசி போட்டுவிட்டு வந்த பிறகு இருக்கட்டும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் பலரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. 1907-இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையம் போன்றவை ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்துவந்த அந்தப் பழைய மருந்து, நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் ஊசி, கடிபட்ட அன்றும், 3, 7, 28 ஆகிய நாட்களிலும் இலவசமாகப் போடப்படுகிறது. இரத்தம் வரும்படியான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் செலுத்த வேண்டும்; கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த ஊசி போடலாம். நோன்பு காலம் என்று தள்ளிப் போடாதீர்கள். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்துகொள்ள மார்க்கத்தில் இடமுண்டு. நோயின் அறிகுறி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்தே தோன்றும். தோன்றிவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை என்றே சொல்ல வேண்டும்.

கடித்த நாயைக் கொன்றுவிடாதீர்கள். பத்து நாள் வரை அதைக் கண்காணிப்பது மருத்துவருக்கு உதவும். ஆனால் அதற்காகக் காத்திராமல் ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். நேற்று வரை பழகிய நாய் திடீரென்று மூலையில் பதுங்கினாலோ, தாடை தொங்கி எச்சில் வடிந்தாலோ, மண்ணையும் கட்டையையும் கடித்து விழுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ அருகே செல்லாமல் கால்நடை மருத்துவருக்கும் உள்ளாட்சிக்கும் தெரிவியுங்கள். பிள்ளை கடிபட்டதை, கீறப்பட்டதை, அடி விழும் என்று அஞ்சி மறைப்பதுண்டு. கேட்டால் திட்ட மாட்டோம் என்று முன்னதாகவே அதற்குச் சொல்லி வையுங்கள்.

ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 2023-ஆம் ஆண்டின் விதிகள், தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் வைத்துள்ளன. அவ்வாறு செய்யப்பட்ட நாயின் காது நுனியில் அடையாளமாகச் சிறு வெட்டு இருக்கும். நாளைக் காலை பள்ளிவாசலிலிருந்து திரும்பும்போது உங்கள் தெருவில் எத்தனை நாய்கள், அவற்றில் எத்தனைக்குக் காதில் வெட்டு இருக்கிறது என்று எண்ணி, அந்தக் கணக்கை ஜமாஅத்தின் பெயரில் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுதிக் கொடுங்கள்.